வயிற்றுக் கணக்கு: அஜின்கோர்ட் குறிப்புகள்

1415 ஒக்டோபரில், பிரான்சின் வடக்கே ஒரு சேற்று வயலில் ஐந்தாம் ஹென்றியின் ஆங்கிலப் படை போருக்கு நின்றபோது அதில் பலருக்கு வயிற்றாலை போய்க்கொண்டிருந்தது. ஆர்ஃப்ளர் நகரை முற்றுகையிட்ட வாரங்களிலேயே வயிற்றுளைவு படைக்குள் புகுந்துவிட்டது. அந்தப் போரில் வென்ற அரசனும் 1422இல் அதே நோயால்தான் இறந்தான் என்பது பரவலான கருத்து. 1858இல் கனடாவில் ஸ்காபரோவின் இந்த மூலைக்குத் தபால் நிலையம் வந்தபோது அஜின்கோர்ட் என்ற அந்த வயலின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். ஷெப்பர்ட் வீதியில் 85ஆம் இலக்க பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களுக்கு இது தெரிந்திருக்கத் தேவையில்லை. வயிற்றைப் பற்றி எழுத நினைப்பவனுக்கு நல்ல சகுனம்.

*

கைபேசியில் வயிற்றுக் கணக்கு எழுதும் செயலிகள் இப்போது ஏராளம். எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கின்றன. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு? வலி பத்துக்கு எவ்வளவு? வயிறு ஊதியதா? எத்தனை தரம் வெளிக்குப் போனீர்கள், எப்படிப் போனது? நித்திரை எப்படி, மனம் எப்படி? குடல் அழற்சி உள்ளவர்களுக்காக 'குரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் கனடா' அமைப்பு 'மைகட்' என்ற செயலியை வைத்திருக்கிறது. மெல்பேணின் மொனாஷ் பல்கலைக்கழகம் 2012இல் ஓர் உணவுச் செயலியை வெளியிட்டது. ஜேர்மனி இன்னும் ஒரு படி மேலே போய், 2019இல் சட்டம் இயற்றி, டொக்டரே செயலியை மருந்துபோல எழுதிக் கொடுக்க வழி செய்தது. குடல் எரிச்சலுக்கான 'காரா கேர்' 2021இல் அந்தப் பட்டியலில் ஏறியது.

*

இந்தக் கலையின் முதல் பெரிய குறிப்பேடு ஒரு கனேடியனின் வயிற்றிலிருந்து வந்தது. அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக் கனேடியத் தொழிலாளிக்கு 1822இல் மக்கினாக் தீவில் தவறுதலாகத் துப்பாக்கிச் சூடு பட்டது. உயிர் தப்பினார். ஆனால் வயிற்றில் விழுந்த துவாரம் மூடவே இல்லை. வைத்தியம் பார்த்த அமெரிக்கப் படை மருத்துவர் வில்லியம் போமன்ற் அந்தத் துவாரத்தின் வழியே உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி இறக்கினார். மணி பார்த்தார். வெளியே இழுத்துப் பார்த்தார். எழுதினார். 1833இல் அது புத்தகமாக வந்தது. அவித்த சோறு செமிக்க ஒரு மணித்தியாலம் என்று அவருடைய அட்டவணை சொல்கிறது. கோபம் வந்தால் செமிபாடு குழம்புகிறது என்பதையும் அவர் கண்ணால் கண்டு எழுதினார். இன்றைய செயலி 'மனம் எப்படி' என்று கேட்பதற்கு முன்னோடி அந்த வரிதான்.

*

குடும்ப வைத்தியரின் அறையில் நடப்பது இது.

"எப்ப துவங்கினது, அம்மா?"

"கொஞ்ச நாளாத்தான், டொக்டர்."

"கொஞ்ச நாளெண்டா?"

"குளிர் துவங்கினதிலயிருந்து எண்டு நினைக்கிறன். இல்லை, அதுக்கு முதலே இருந்தது."

"கிழமைக்கு எத்தனை நாள் நோகுது?"

"அப்பிடி எண்ணிப் பாக்கேல்லை. சில நேரம் ஒண்டுமில்லை. சில நேரம் இருக்கவே விடாது."

ஒரு தடவைக்கு ஒரு பிரச்சினை மட்டும் கதைக்கலாம் என்று வாசலில் ஒட்டியிருக்கும் கிளினிக்குகளும் உண்டு. பத்து நிமிடம் இப்படியே போய்விடும். குடல் எரிச்சல் நோயை உறுதிப்படுத்த மருத்துவர்கள் பயன்படுத்தும் ரோம் அளவுகோல் (2016இல் வந்த நான்காம் பதிப்பு) கேட்பதும் இதைத்தான்: கடந்த மூன்று மாதத்தில் சராசரியாகக் கிழமைக்கு ஒரு நாளாவது வயிற்று நோவு இருந்ததா; வெளிக்குப் போவதோடு அந்த நோவுக்குத் தொடர்பு உண்டா; போகும் தடவையோ மலத்தின் தன்மையோ மாறியதா. குறித்து வைத்திருப்பவர் இதற்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லி முடிப்பார்.

*

கொப்பியில் எழுதினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வு. 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. நாட்பட்ட நோவு உள்ளவர்களிடம் காகித நாட்குறிப்பைக் கொடுத்து, அது எப்போது திறக்கப்படுகிறது என்று அறிய உள்ளே ஒளியுணரியை மறைத்து வைத்தார்கள். உரிய நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டியது 90 சதவீதம். உண்மையில் எழுதியது 11 சதவீதம். மிச்சமெல்லாம் பிறகு இருந்து ஒரேயடியாக நிரப்பியவை. நேரம் தவறினால் பதிவை ஏற்காத மின்கருவியைக் கொடுத்த குழுவில் அது 94 சதவீதம்.

கைபேசியின் உண்மையான பலன் இதுதான். வரைபடமும் வண்ணமும் பிறகு. எழுதிய நேரத்தை அது தானாகவே பதிந்துவிடுகிறது. கொப்பியை விரும்புகிறவர் கொப்பியிலேயே எழுதலாம். நோவு வந்த கையோடு எழுதினால் சரி.

*

மலத்தின் தன்மையைச் சொல்ல எங்கள் ஆட்களுக்கு வெட்கம். 1997இல் பிரிஸ்ரல் நகரின் மருத்துவர்கள் லூயிஸும் ஹீட்டனும் வெளியிட்ட ஏழு படங்கள் இந்த வெட்கத்துக்கு மருந்து. முதலாம் வகை ஆட்டுப் புழுக்கை போலக் கட்டி கட்டியாக. நாலாம் வகை வழுவழுப்பாக, முழுதாக. எல்லாரும் ஆசைப்படுவது அது. ஏழாம் வகை தண்ணியாக. குடலில் உணவு எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை இந்த வடிவம் ஓரளவு காட்டிவிடும். அதனால்தான் பல செயலிகளில் இந்தப் படங்கள் இருக்கின்றன. வாய் திறந்து சொல்ல மாட்டாத அப்பப்பா 'ரெண்டு' என்று விரலால் காட்டிவிட்டுப் போகலாம்.

*

2022இல் அமெரிக்காவில் செடார்ஸ் சைனாய் மருத்துவமனையினர் ஒரு செயலியைச் சோதித்தார்கள். நோயாளி மலத்தைப் படம் பிடித்தால் செயற்கை நுண்ணறிவு வகை பிரிக்கும். நோயாளிகள் தாங்களே சொன்னதைவிட அந்தக் கணிப்பு நிபுணர்களின் கணிப்போடு நன்றாக ஒத்துப்போனது. விஞ்ஞானம் சரி. ஆனால் கலியாண அல்பமும் பேரப்பிள்ளையின் படமும் இருக்கிற அதே கைபேசி, குடும்பம் முழுக்க மாறி மாறி எடுத்துப் பார்க்கிற கைபேசி. அங்கே இந்தப் படத்தை எங்கே வைப்பது என்பதை எந்த ஆய்வும் ஆராயவில்லை.

*

இனிக் குசினி.

குடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும் மாச்சத்துகளுக்கு மெல்பேண் ஆய்வாளர்கள் 2005இல் 'ஃபொட்மாப்' என்று பெயர் வைத்தார்கள். மொனாஷ் செயலி ஒவ்வொரு உணவுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குப் போடுகிறது. எங்கள் சமையலை அதில் தேடிப் பார்த்தால் முதல் சிவப்பே வெங்காயம். அடுத்தது உள்ளி. பிறகு கோதுமை, அளவு கூடினால் உழுந்து, கடலை, பருப்பு. பச்சையில் நிற்பவை சோறு, இஞ்சி, மஞ்சள், சீரகம். அரிசிமா இடியப்பம் தப்பிவிடும். கூட வருகிற சம்பலில் வெங்காயம் மாட்டிவிடும்.

இதில் சமைக்கிறவர்கள் அறிய வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. வெங்காயம், உள்ளியில் உள்ள ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சொதியில் உள்ளியைப் போட்டுக் கொதிக்க விட்டுப் பிறகு அதைப் பொறுக்கி எறிந்து பயனில்லை. இறங்க வேண்டியது சொதிக்குள் இறங்கிவிட்டது. உள்ளியை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசம் வரும், ஃபிரக்டான் வராது. வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியையும் பயமில்லாமல் பாவிக்கலாம்.

*

ஃபொட்மாப்பைக் குறைக்கும் இந்த உணவுமுறைக்கு மூன்று கட்டம். இரண்டு முதல் ஆறு கிழமை வரை கட்டுப்பாடு. பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. கடைசியாக, தனக்கு ஒத்துவராததை மட்டும் குறைத்து மற்றதையெல்லாம் சாப்பிடுவது. நம்மவர்களில் பலர் முதற் கட்டத்திலேயே குடியிருந்துவிடுகிறார்கள். வயிறு கொஞ்சம் அடங்கியதும் அந்தப் பட்டியல் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தோடு ஒட்டப்பட்டு வருடக் கணக்கில் நிற்கும். பருப்பும் பழமும் போய், நார்ச்சத்துப் போய், குடலுக்கு நன்மை செய்கிற நுண்ணுயிர்களும் குறைந்துவிடும். இரண்டாம் கட்டம் இல்லாவிட்டால் முதற் கட்டம் வெறும் பத்தியம். மூன்று கட்டத்தையும் ஓர் உணவியலாளரோடு செய்வது நல்லது.

*

செயலியின் உணவுப் பட்டியலில் பீட்சா இருபது விதம். கொத்து ரொட்டி இல்லை. மிதிவெடி இல்லை. ஒடியல் கூழ் இல்லை. கொத்து ரொட்டியை 'ரொட்டி, முட்டை, மரக்கறி' என்று பதிகிறார்கள். அதில் வெங்காயம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்பது ரேக்-அவுட் கடைக்காரருக்கே தெரியாது. அதனால் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்காமல், குறிப்புப் பெட்டியில் தமிழிலேயே 'கொத்து, இரவு 10 மணி, கடை' என்று எழுதுவதே மேல். கணக்கு யந்திரத்துக்குப் புரியாமல் போகலாம். உங்களுக்குப் புரியும், தமிழ் தெரிந்த டொக்டருக்கும் புரியும்.

*

காலை, மதியம், இரவு என்று மூன்று பெட்டி வைத்த செயலி யாருக்காகச் செய்யப்பட்டது? இரவு பதினொரு மணிக்கு வேலை தொடங்கி விடிய ஏழு மணிக்கு முடிக்கிறவருக்கு எது காலைச் சாப்பாடு? நள்ளிரவு பன்னிரண்டுக்குச் செயலியில் நாள் மாறுகிறது. அவருக்கு நாள் மாறவில்லை, இடைவேளைகூட வரவில்லை. அதிகாலை மூன்று மணிக்குச் சாப்பிட்ட சோற்றின் விளைவு வேறொரு நாளின் கணக்கில் விழுகிறது. இரவு வேலைக்காரர்கள் 'நித்திரையால் எழும்பினது' என்பதை நாளின் தொடக்கமாக வைத்துக் குறிப்பது உத்தமம்.

*

ஸ்காபரோ வயிறுகளில் கிழமை தெரியும். திங்கள் முதல் வெள்ளி வரை கோடு சமமாகப் போகும். சனி, ஞாயிறில் ஏறும். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள். ஹோலில் ஒன்பது மணிக்கு ரோல்ஸ், பதினொன்றரைக்குச் சாப்பாடு, பன்னிரண்டரைக்கு ஐஸ்கிறீம். திங்கட்கிழமை நோவுக்குத் திங்கட்கிழமைத் தோசையைக் குற்றம் சொல்லுவோம். வாயால் போனது முழுவதும் வெளியே வர ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். சாப்பிட்ட உடனே வெளிக்கு முட்டுவது அந்தச் சாப்பாடு கெட்டதால் அல்ல. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசைவது இயல்பு. கடைசியாகச் சாப்பிட்டதைப் பிடித்து வழக்குப் போடாமல் இருக்கத்தான் மூன்று நாட்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விரத காலமும் கணக்கைக் குழப்பும். கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுப்பவருக்கு வெங்காயம், உள்ளி இல்லாததால் வயிறு சுகமாக வேண்டும். ஊதுகிறது. தெற்காசியர் பலருக்கு வளர்ந்த பிறகு பாற்சீனியைச் செமிக்கும் நொதி குறைந்துவிடும். குற்றவாளி பால்.

*

உணவை மட்டும் குறிக்கிற செயலி மருந்தைத் தப்ப விடுகிறது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்ஃபோமின் வயிற்றோட்டமும் வாயுவும் தரும். இரும்புக் குளிகை மலத்தைக் கறுப்பாக்கி இறுக்கும். சீனி இல்லாத இனிப்பிலும் சூயிங்கத்திலும் இருக்கிற சோர்பிற்றோல் அளவு மீறினால் வயிற்றாலை அடிக்கும். நீரிழிவுக்காரர் மெற்ஃபோமினையும் போட்டு, சீனி இல்லாத இனிப்பையும் உமிந்துவிட்டுப் பருப்புக் கறியை நிறுத்துகிறார். எந்தக் குளிகை, எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது அளவு கூட்டியது: சாப்பாட்டுக்கு முதல் எழுத வேண்டியது இது.

*

2000 மே மாதம் ஒன்ராறியோவின் வோக்கர்ட்டன் ஊரில் குடிநீர்க் குழாயில் ஈகோலை கிருமி கலந்தது. ஏழு பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். அந்த மக்களை மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தினர் தொடர்ந்து கவனித்தார்கள். அப்போது நோயுற்றவர்களில் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து 28 சதவீதம் பேருக்குக் குடல் எரிச்சல் இருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்தும் 15 சதவீதம் பேருக்கு இருந்தது. ஒருமுறை வந்த தொற்றுப் போய்விடும், சிலருக்குக் குடலின் உணர்ச்சி போகாது.

நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய், அங்கே மூன்று நாள் படுத்து எழும்பி, 'அண்டையிலயிருந்து வயிறு பழையபடி இல்லை' என்று சொல்பவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர். செயலி இன்றைய நோவைத்தான் கேட்கிறது, எப்போது தொடங்கியது என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. முதற் பக்கத்தில் அதை நீங்களே எழுதிவிடுங்கள்.

*

பிள்ளைகள். கனடாவில் 2023இல் மூன்று இலட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் குடல் அழற்சி நோய்களோடு வாழ்ந்தார்கள் என்பது குரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் கனடாவின் கணிப்பு. 2035இல் அது நாலு இலட்சத்து எழுபதாயிரம் ஆகலாம். எரிக் பெஞ்சிமோல் குழுவினர் ஒன்ராறியோவின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2015இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரே பேசுகிறது. குடிவந்த பெரியவர்களுக்கு இந்த நோய் குறைவு. வரும்போது வயது எவ்வளவு குறைவோ அவ்வளவு ஆபத்துக் கூடுகிறது. தெற்காசியப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ, நெடுங்காலக் கனேடியரின் பிள்ளைகளுக்கு உள்ள அதே ஆபத்து.

ஆகவே பதினாறு வயதுப் பிள்ளை வயிறு நோகுது என்றால் 'நானும் உன்ர வயசில இப்பிடித்தான், மல்லித் தண்ணி குடி' என்பது சரியான பதில் அல்ல. அந்தப் பிள்ளையின் கைபேசியில் ஏற்கெனவே ஒரு செயலி இருக்கக்கூடும். உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டதை அதில் எழுதிக்கொண்டிருக்கும்.

*

குரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் கனடாவின் 'கோஹியர்' செயலி நோவைக் குறிக்காது, கழிப்பறையைக் காட்டும். திட்டத்தில் சேர்ந்த கடைகள் கண்ணாடியில் ஓர் அடையாளம் ஒட்டியிருக்கும். அவசரம் என்று கேட்டால் உள்ளே விடுவார்கள், சாமான் வாங்க வேண்டியதில்லை. சப்வே நிலையங்கள் எல்லாவற்றிலும் கழிப்பறை இல்லாத நகரத்தில், ஜனவரிக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள வயிற்றுச் செயலி வேறு இருக்குமோ தெரியாது. தமிழ்க் கடைக்காரர்கள் இதில் சேர்ந்தால் புண்ணியம்.

*

சென் மார்ட்டினின் வயிறு அவருடையது. குறிப்பேடு போமன்றுடையது. புகழும் அவருக்கே. வயிற்றுக் கணக்கு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இன்றைக்கும் தீரவில்லை. ஒன்ராறியோவின் 2004ஆம் ஆண்டுச் சுகாதாரத் தகவல் சட்டம் டொக்டரையும் மருத்துவமனையையும் மருந்துக்கடையையும் கட்டும். நீங்களே இறக்கிக்கொண்ட செயலியின் கம்பனி பெரும்பாலும் அதற்குள் வராது. மாதவிலக்குக் கணக்குச் செயலியான 'ஃபுளோ', பயனர்களின் தகவலை ஃபேஸ்புக் போன்ற கம்பனிகளுக்கு அனுப்பியது என்ற குற்றச்சாட்டில் 2021இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு சமரசத்துக்கு வந்தது. இலவசம் என்றால் யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். முழுப்பெயரும் பிறந்த தேதியும் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. வயிற்றுக் கணக்குக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு?

*

கணக்கு நோயாகவும் மாறும். நாளுக்குப் பத்துத் தரம் வயிற்றைக் கவனித்தால் கவனிக்கிற இடத்தில் ஏதாவது இருக்கத்தான் செய்யும். குடலும் மூளையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கிறவை. குடல் எரிச்சல் அந்தப் பேச்சில் வருகிற கோளாறு என்றே மருத்துவர்கள் இப்போது விளங்கிக்கொள்கிறார்கள். இரண்டு நாள் தற்செயலாக ஒத்துப்போனதைச் செயலி 'தொடர்பு' என்று காட்டும். தக்காளி போகும், பிறகு கத்தரிக்காய் போகும், கடைசியில் சோறும் தயிரும் பயமும் மிஞ்சும். உணவைக் கண்டு பயம் வரத் தொடங்கினால் செயலியை அழித்துவிட்டு டொக்டரிடம் பயத்தைச் சொல்ல வேண்டும்.

*

என் முடிவு: இரண்டு, மூன்று கிழமை போதும். ஆறு விஷயம் போதும். நோவு எத்தனை மணிக்கு, எவ்வளவு, மலம் எந்த வகை, வழமைக்கு மாறாகச் சாப்பிட்டது என்ன, மருந்து, நித்திரை. முடிந்ததும் ஒரு பக்கமாகச் சுருக்கி அச்சிட்டு டொக்டரின் மேசையில் வையுங்கள். அறுபது பக்கத்தை எந்த டொக்டரும் வாசிக்க மாட்டார். பெரியவர்களுக்குப் பிள்ளைகளோ மருமக்களோ எழுதிக் கொடுங்கள், ஆனால் அவர்கள் சொன்னபடி எழுதுங்கள். டொக்டரிடம் போகாத கணக்கு, எழுதியவருக்கே பாரம்.

செயலிக்கு உரியவை அல்லாத அறிகுறிகளும் உண்டு. மலத்தில் இரத்தம், தார் போன்ற கறுப்பு, காரணமில்லாமல் மெலிவது, நித்திரையைக் கலைக்கும் நோவோ வயிற்றோட்டமோ, விழுங்கச் சிரமம், இரத்தச்சோகை, விடாத வாந்தி, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக மாறிய பழக்கம்: இவற்றைக் குறித்துக்கொண்டிருக்கக் கூடாது, காட்ட வேண்டும். ஒன்றுமே இல்லாதவர்களும், ஐம்பதிலிருந்து எழுபத்துநாலு வயதுக்குள் இருந்தால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 'ஃபிட்' மலப் பரிசோதனை செய்யலாம். ஒன்ராறியோவில் அது இலவசம்; குடும்ப வைத்தியரிடம் கேட்டால் பெட்டி தபாலில் வீட்டுக்கே வரும். பெற்றோருக்கோ சகோதரருக்கோ பெருங்குடல் புற்றுநோய் இருந்திருந்தால் பெட்டி போதாது. கொலனோஸ்கொபி பற்றிக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் 811க்கு அழைத்துத் தாதியோடு கதைக்கலாம். இரத்தத்தைக் கண்டவர் அதைச் செயலியில் ஏற்றிவிட்டு அடுத்த மாத அப்பொயின்ற்மென்ற் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டொக்டரைக் கூப்பிடுங்கள். நிறையப் போனால் 911.